சென்டர்லொக் சில்லுகள்: கொழும்பில் டோர்க் ரெஞ்ச் தேவை

அனைவருக்கும் வணக்கம். கட்டுகுருந்த ஓடுபாதையில் ஓட்டுவதற்காக நண்பர் ஒருவரின் போர்ஷே 911 ஜீடி3 காரைத் தயார்செய்து வருகிறேன். ஐந்து போல்ட்டுகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய நட்டினால் பூட்டப்படும் அதன் ‘சென்டர்லொக்’ சில்லுகளைப் பராமரிப்பதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் டோர்க் ரெஞ்சால் (இறுக்கும் முறுக்குவிசையை அளந்து காட்டும் சாவி) நட்டை 600 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் அதே அளவுக்கு இறுக்க வேண்டும். அதன்பின் நடுவிலுள்ள பூட்டுமுள் முழுமையாக வெளியே வந்து பற்களில் பொருந்தியிருப்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் நான் பார்த்த ரெஞ்சுகள் சாதாரண கார்களுக்கே போதுமானவை. இம்பாக்ட் கன்னால் (நட்டை அதிர்வுடன் வேகமாக முறுக்கும் இயந்திரம்) இறுக்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இறுக்கத்தின் அளவு தெரியாத எந்த வேலையையும் இந்த நட்டில் செய்ய எனக்கு மனமில்லை.

ஆகவே, 600 நியூட்டன் மீட்டருக்கு மேல் அளக்கும் ரெஞ்சை வாடகைக்குத் தரக்கூடியவர்கள், அல்லது அதன் அளவைச் சரிபார்த்துத் தரும் இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். நட்டின் புரியிலும் கூம்புப் பரப்பிலும் பூசும் அலுமினியப் பசை இங்கே எங்கு கிடைக்கும்? ஓடுபாதையில் அடிக்கடி ஓட்டுபவர்கள் நட்டுகளை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதையும், கடற்கரையோரம் நிறுத்தப்படும் கார்களில் பூட்டுமுள் உப்புக்காற்றால் இறுகிப்போகிறதா என்பதையும் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.