தீவனக் கணக்கை வைத்துப் பாலைக் கணிக்கும் மாடல் புது மாட்டுக்குத் தப்புகிறது, உதவி வேண்டும்

பள்ளத்தூர்க்காரர்:
வணக்கம். எங்கள் பண்ணையில் கலப்பின ஜெர்சி மாடுகள். மாடுவாரியாக அடர்தீவனம், கோ-4 புல், வைக்கோல், வயது, ஈத்து (எத்தனையாவது கன்று), கறந்த பால் எல்லாம் தினமும் எக்செல்லில் ஏறுகிறது. பைத்தானில் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறை) ஓட்டினேன். வரிகளைக் கலைத்துப் பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரித்தால் கணிப்பு அரை லிட்டருக்குள் நிற்கிறது. தேவகோட்டைப் பக்கம் வாங்கி வந்த மாட்டுக்கு மட்டும் மூன்று லிட்டர் தள்ளிப் போகிறது. அடர்தீவனத்தை ஒரு கிலோ கூட்டினால் மூன்று லிட்டர் ஏறும் என்றும் சொல்கிறது. ஈன்று எட்டு மாதமான மாட்டுக்குக் கூட்டிப் பார்த்தோம், பால் அசையவே இல்லை. எங்கே கோளாறு?

காரைக்குடிக்காரர்:
தம்பி, ஒரே மாட்டின் நேற்றைய வரி பயிற்சியில் இருக்கிறது, இன்றைய வரி சோதனையில் இருக்கிறது. மாடல் மாட்டை அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். ஒரு மாட்டின் எல்லா வரிகளும் ஒரே பக்கம் இருக்கும்படி மாடுவாரியாகப் பிரியுங்கள், அதற்குப் பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் குரூப்கேஃபோல்டு உண்டு. பிழை கூடும், அதுதான் உண்மையான பிழை.

தீவன விஷயம் இதைவிடப் பெரியது. உடம்புக்கு ஒன்றரை கிலோ, அப்புறம் இரண்டரை மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்றுதானே நாம் அளந்து வைக்கிறோம்? பாலைப் பார்த்துத்தான் தீவனமே போகிறது. மாடல் சொல்லும் மூன்று லிட்டர், நீங்கள் அளந்து வைத்த கணக்கேதான், தலைகீழாக வருகிறது. பின்கறவையில் கூட்டுவது பெரும்பாலும் உடம்பில்தான் ஏறும். தீவனத்தின் பலன் தெரிய வேண்டுமானால், கறவை நாள் (ஈன்றபின் கழிந்த நாள்) ஒத்த மாடுகளில் சீட்டுக் குலுக்கிப் பாதிக்கு மட்டும் கூட்டி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

குன்றக்குடிக்காரர்:
உங்கள் பட்டியலில் ஈன்ற தேதியே இல்லையே! ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சிக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். வுட் என்ற ஆய்வாளர் 1967இல் இதற்கே ஒரு சமன்பாடு கொடுத்தார். கறவை நாளைச் சேருங்கள். புல்லையும் வைக்கோலையும் உலர் எடைக்கு (ஈரம் நீங்கிய எடை) மாற்றுங்கள்: 100 கிலோ பச்சைப்புல்லில் சுமார் 20 கிலோ, வைக்கோலில் 90 கிலோ. தொட்டியில் ஒதுக்கிப்போட்ட தண்டையும் எடை போட்டுக் கழியுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்:
ரொம்ப நன்றி அண்ணே. மாடுவாரியாகப் பிரித்ததும் பிழை இரண்டு லிட்டரைத் தாண்டுகிறது. வாங்கிய மாட்டுக்கு ஈன்ற தேதி தெரியாதே?

குன்றக்குடிக்காரர்:
கன்று கூடவே வந்ததா? கன்றின் வயதுதான் தாயின் கறவை நாள். கன்று இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள், அதுவரை அந்த மாட்டைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள்.