தீர்க்கப்படாத வழுக்கள் குவிந்துவிட்டால் எதை முதலில் எடுப்பது?

செங்கதிர்:

வணக்கம். சிறு கடைகளுக்கான கட்டற்ற கணக்கு மென்பொருள் ஒன்றை நான்கு பேர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். நிரலை வைத்திருக்கும் ஜிட்ஹப் தளத்தில் எங்கள் திறந்த வழுக்கள், அதாவது இன்னும் தீர்க்கப்படாத மென்பொருள் பிழை அறிவிப்புகள், நானூறைத் தாண்டிவிட்டன. அறிவிப்பவர்களில் பெரும்பாலோர் படிவத்தில் ‘அவசரம்’ என்பதையே தேர்ந்தெடுப்பதால், அந்தக் குறிக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. இரண்டு வழுக்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ரசீதை பிடிஎஃப் ஆக்கும்போது ‘தெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் விழுகிறது. இதைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மற்றொன்று, இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒரு விற்பனை காணாமல் போகிறது என்பது. சொன்னவர் ஒருவர் மட்டுமே, எங்களால் அதை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கவும் முடியவில்லை. எதை முதலில் எடுப்பது? பழையவற்றைத் தானியங்கியைக் கொண்டு மூடிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்வது சரிதானா?

நெய்தல்:

உங்கள் படிவம் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒரே பெட்டியில் கேட்கிறது. வழு எவ்வளவு கேடு செய்கிறது என்பது ஒன்று, அதை எப்போது சரிசெய்யப் போகிறோம் என்பது மற்றொன்று. முன்னதை அறிவிப்பவர் தரும் சான்றைக் கொண்டு மதிப்பிடலாம். பின்னதை வேலை செய்யப் போகிறவர்கள்தாம் தீர்மானிக்க முடியும். 1998இல் மொசில்லா என்ற உலாவித் திட்டத்துக்காக உருவான, வழுக்களைப் பதிவு செய்யும் பக்ஸில்லா கருவியில் தீவிரமும் முன்னுரிமையும் தனித்தனிப் புலங்கள். இன்று மொசில்லா தீவிரத்தை எஸ்1 முதல் எஸ்4 வரையும், முன்னுரிமையை பி1 முதல் பி5 வரையும் குறிக்கிறது. பி5 என்றால், நாங்கள் இதைச் சரிசெய்யப் போவதில்லை, யாரேனும் திருத்தம் அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்று பொருள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இத்தகைய நேர்மையான குறி மிகவும் தேவை.

தீவிரத்தை வரையறுக்க லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் ஏழு நிலைகளைப் படித்துப் பாருங்கள். மேல் மூன்றான கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் ஆகியவற்றில் ஒன்று தீராமல் இருந்தால், அந்தப் பொதி (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு) அடுத்த நிலையான வெளியீட்டில் இடம்பெறாமலே போகலாம். எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்று அங்கே கேட்பதில்லை. தரவு தொலையுமா, தொடர்பில்லாத மென்பொருள் கெடுமா, பாதுகாப்பு ஓட்டை திறக்குமா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே விற்பனைப் பதிவு தொலைவதையே முதலில் எடுங்கள். கொம்பு இடம் மாறினால் பார்த்த உடனே தெரிந்துவிடும். காணாமல் போன பதிவையோ பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள், ஆதலால் ஒரே ஒரு புகார் வந்திருப்பதை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது.

கருவூலம்:

நெய்தல் சொன்னதோடு உடன்படுகிறேன். மீண்டும் நிகழ்த்த முடியாத வழுவை மூடவும் கூடாது, அப்படியே கிடப்பில் போடவும் கூடாது; அடுத்த அடியை யார் எடுத்து வைக்க வேண்டும் என்பதை அதிலேயே எழுதி வையுங்கள். உங்கள் வழுவில் அடுத்த அடி உங்களுடையது. இருப்பைப் படிப்பதற்கும் திரும்ப எழுதுவதற்கும் இடையே வேண்டுமென்றே சில நொடி தாமதத்தைச் செருகி, இரண்டு கணினிகளிலிருந்தும் பதிவு செய்து பாருங்கள். இரண்டும் ஒரே பழைய மதிப்பைப் படித்து, ஒன்றின் மேல் ஒன்று எழுதுவதாக இருந்தால் அது அப்போது வெளிப்பட்டுவிடும்.

கொம்பு வழு பல அறிவிப்புகளாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை ஒன்றில் இணைத்துவிடுங்கள். பிடிஎஃப் உருவாக்க நீங்கள் பயன்படுத்தும் பிறருடைய நிரல் தொகுப்பு (நிரலகம்), எழுத்துகளைச் சரியான இடத்தில் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருளின் வழியே எழுத்துகளை அனுப்பாமல், மெய்க்குப் பின்னரே கொம்பு வரும் யுனிகோடு சேமிப்பு வரிசையிலேயே அச்சிடும்போதுதான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. அப்படியானால் நிரலகத்தின் வழுவுக்கு இணைப்புக் கொடுத்து, அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்பப்பட்டது என்று குறியுங்கள்.

தானியங்கி மூடலில் எனக்கு உடன்பாடு இல்லை. குபர்நெட்டிஸ் என்ற பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் 90 நாள் அசைவற்ற வழு பழையதாகக் குறிக்கப்பட்டு, மேலும் 30 நாளில் அழுகியதாகி, அடுத்த 30 நாளில் மூடப்படுகிறது. அங்கே வரும் அறிவிப்புகளின் வெள்ளத்துக்கு அது பொருந்தலாம். உங்களிடமோ அமைதியாகக் கிடப்பவற்றில்தான் தரவு இழப்பு ஒளிந்திருக்கிறது. அறிவித்தவரிடம் விவரம் கேட்டுப் பதில் வராதவற்றை மட்டும் மூடுங்கள்.

செங்கதிர்:

இருவருக்கும் நன்றி. முந்தைய பதிப்பில் சரியாக இயங்கி, புதியதில் கெட்டவற்றை எங்கே வைப்பது?

நெய்தல்:

அவற்றுக்குத் தனிக் குறி இட்டு, கடைசியாகச் சரியாக இயங்கிய பதிப்பு எண்ணைப் படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் குழுவினர் இத்தகைய பின்னடைவுகளை ரெக்ஸ்பாட் என்ற கருவியைக் கொண்டு தனியே பின்தொடர்கிறார்கள். சரியாக இயங்கிய இடமும் கெட்ட இடமும் தெரிந்தால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட் கட்டளை ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவிலிருந்தும் ஏறத்தாழ பத்தே சோதனைகளில் குற்றவாளியைக் காட்டிவிடும். நாள் கடந்தால் அந்த மாற்றத்தின் மேல் வேறு பல மாற்றங்கள் ஏறி, திரும்பப் பெறுவது கடினமாகிவிடும். ஆகவே சமமான தீவிரம் கொண்டவற்றுள் பின்னடைவையே முதலில் எடுங்கள்.