புதுப்பிப்பு: 1000-லேயே நின்ற எண்ணிக்கை சரியாகிவிட்டது

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவன நெட்வொர்க்கின் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) உள்ள பயனர் கணக்குகளை எண்ணும் என் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தொகுத்த சிறு நிரல்), எப்போது ஓட்டினாலும் 1000 என்றே காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பேஜ்சைஸ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்ற அமைப்பு) கொடுக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இயல்பு அமைப்பில் சர்வர் ஒரு தேடலுக்கு 1000 பதிவுகளுக்கு மேல் தராது. சைஸ்லிமிட்டை (மொத்தம் எத்தனை பதிவுகள் வரலாம் என்ற வரம்பு) ஏற்றியும் பார்த்தேன், பலனில்லை. ஸ்கிரிப்ட்டில் தேடலைச் செய்யும் டைரக்டரிசெர்ச்சரில் பேஜ்சைஸ் 1000 என்று ஒரு வரி சேர்த்ததும், பக்கம் பக்கமாக வாங்கி முழுவதையும் எண்ணிவிட்டது.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. திரையில் 4,312. இத்தனை பேர் எங்களிடம் இல்லையே! ஆப்ஜெக்ட்கிளாஸ் (பதிவின் வகை) யூசர் என்று மட்டும் வடிகட்டினால் கம்ப்யூட்டர் கணக்குகளும் சேர்ந்து வருகின்றன. கம்ப்யூட்டர் என்பதே யூசர் வகையிலிருந்து பிறந்த உள்வகை. கம்ப்யூட்டர்களைக் கழிக்க, ஆப்ஜெக்ட்கேட்டகரி (பதிவின் பிரிவு) பெர்சன் என்பதையும் சேர்த்தேன்: 2,687. முடக்கி வைத்த கணக்குகளும் இதில் அடக்கம்.