6502 பலகை: ஜேஎஸ்ஆர் போட்டா ஜீரோ பேஜ் கெடுது, கிளாக்கைக் குறைச்சாலும் சரியாகல

எட்டுபிட்

வணக்கம். ரெண்டு மாசமா பிரெட்போர்டுல ஒரு 6502 (8 பிட் ப்ராசஸர்) கம்ப்யூட்டர் கட்டிட்டு வர்றேன். பத்து நாளா ஒரே இடத்துல நிக்குது.

சிப் டபிள்யூ65சி02எஸ். 62256 ரேம், 28சி256 ஈஈப்ராம், 6522 (இன்புட்-அவுட்புட் சிப்) ஒண்ணு, அட்ரஸ் பிரிக்க 74எச்சி00 ஒண்ணு, 1 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர். பதினாறு அட்ரஸ் கம்பியில மேல் கம்பியான ஏ15 நேரா ரேமோட சிப் செலக்டுக்குப் (0 வந்தா சிப்பை வேலை செய்ய விடுற பின்) போகுது. அதையே ஒரு நாண்ட் கேட்ல தலைகீழாக்கி ரோமுக்குக் கொடுத்திருக்கேன். ப்ராசஸரோட ரீட்-ரைட் பின் நேரா ரேமோட ரைட் எனேபிளுக்கு, ரேமோட அவுட்புட் எனேபிள் ஏ14க்கு. 6522 ஹெக்ஸ் 6000ல உக்காந்திருக்கு. (கீழே வர்ற அட்ரஸ் எல்லாமே ஹெக்ஸ்.)

முதல்ல ரோம் இல்லாம, டேட்டா பஸ்ஸை ரெசிஸ்டரால இஏன்னு கட்டி வெறும் நாப் (எதுவும் செய்யாத இன்ஸ்ட்ரக்‌ஷன், கோட் இஏ) ஓட்டினேன். ஏ15ல மாட்டின எல்இடி செகண்டுக்கு ஏழெட்டு தடவை மினுக்குச்சு. நாப் ஒண்ணுக்கு 2 சைக்கிள், 65536 அட்ரஸ், கணக்கு சரியா வருது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ரோமை மாட்டி, ஸ்டாக்கை (திரும்பி வர வேண்டிய அட்ரஸை வைக்கிற ரேம் பகுதி) தொடாம 6522 போர்ட்ல எட்டு எல்இடியை ஓட விட்டேன். அதுவும் ஓடுச்சு.

சப்ரூட்டீன் போட்டதும்தான் வம்பு. 8020ல ஒரு ஜேஎஸ்ஆர் (சப்ரூட்டீனைக் கூப்பிடுற இன்ஸ்ட்ரக்‌ஷன்). கவுண்டர் ஜீரோ பேஜ்ல (0000 முதல் 00எஃப்எஃப் வரை) 0022ல இருக்கு, சப்ரூட்டீன் அதைத் தொடுறதே இல்ல. திரும்பி வந்து பார்த்தா கவுண்டர்ல நான் போட்டது இல்ல, 22 இருக்கு. எப்பவும் இல்ல, பத்துக்கு ஆறேழு தடவை. ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வச்சு பஸ்ஸை ஒவ்வொரு சைக்கிளா படிச்சேன். ஸ்டாக்ல 80, 22 சரியா ஏறுது, ஆர்டிஎஸ் (சப்ரூட்டீன்ல இருந்து திரும்புற இன்ஸ்ட்ரக்‌ஷன்) அப்ப அதுவே திரும்பி வருது. 0022க்கு யாரும் எழுதின மாதிரி ஒரு சைக்கிள்கூட பதிவாகல.

கிளாக்கைக் குறைச்சா டைமிங் பிரச்சினையெல்லாம் போயிடும்னு நம்பி, ஆஸிலேட்டரைக் கழட்டிட்டு பட்டன் வச்சு ஒவ்வொரு சைக்கிளா அழுத்திப் பார்த்தேன். அப்பவும் 22. ரேமை மாத்தியாச்சு, கம்பிகளை மாத்தியாச்சு. எங்க தப்பு?

நாற்பதுகால்

முதல்ல மிதக்கிற பின்களைப் பாருங்க. ப்ராசஸரோட 2, 4, 6, 36, 38 அஞ்சும் 5 வோல்ட்டுக்கு மேல இழுத்திருக்கா? 2வது பின் ரெடி, அதை மட்டும் நேரா 5 வோல்ட்ல கட்டாதீங்க, ஒரு ரெசிஸ்டர் வழியா கட்டுங்க. டபிள்யூஏஐ (இன்டர்ரப்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கிற) இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்தா இந்த சிப் அந்தப் பின்னைத் தானே கீழ இழுக்கும், நேரா கட்டியிருந்தா ஷார்ட் ஆன மாதிரிதான். ஈஈப்ராமோட ரைட் எனேபிள் 5 வோல்ட்ல இருக்கா? ஒவ்வொரு சிப் பக்கத்துலயும் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இருக்கா? ஆரம்பத்துல டிஎக்ஸ்எஸ் (எக்ஸ் ரெஜிஸ்டரை ஸ்டாக் பாயின்டருக்கு மாத்துற இன்ஸ்ட்ரக்‌ஷன்) போட்டு ஸ்டாக் பாயின்டரை அமைச்சீங்களா?

எட்டுபிட்

எல்லாமே இருக்குங்க. ரெடிக்கு 1 கிலோ ஓம். ஆரம்பத்துலயே எக்ஸ்ல எஃப்எஃப் போட்டு டிஎக்ஸ்எஸ்.

ஃபைரெண்டு

டிஎக்ஸ்எஸ் மறந்திருந்தாலும் இப்படி ஆகாது. ஸ்டாக் 0100 முதல் 01எஃப்எஃப் வரைக்கும்தான் சுத்தும், ஜீரோ பேஜுக்கு இறங்காது.

உங்க கேள்வியிலயே விடை இருக்கு. 0022ங்கிற இடத்துல 22ங்கிற மதிப்பு. இது சும்மா வர்ற குப்பை இல்ல.

ஜேஎஸ்ஆர் 6 சைக்கிள். நாலாவதுல 80ஐ 01எஃப்எஃப்ல எழுதுது, அஞ்சாவதுல 22ஐ 01எஃப்இல எழுதுது, ஆறாவதுல 8022ல இருக்கிற கடைசி பைட்டைப் படிக்குது. அஞ்சுல இருந்து ஆறுக்குப் போற அந்த நொடிப்பொழுதைப் பாருங்க. அட்ரஸ் 01எஃப்இல இருந்து 8022க்கு மாறணும். பதினாறு கம்பியும் ஒரே நேரத்துல மாறாது. ஏ15ல எல்இடி வேற தொங்குது, அது கொஞ்சம் பிந்தினா போதும். மத்த கம்பியெல்லாம் மாறி முடிச்சு ஏ15 மட்டும் இன்னும் 0ல நின்னா ரேம் பார்க்கிற அட்ரஸ் 0022. ரீட்-ரைட்டும் இன்னும் மேல ஏறல. பஸ்ல கடைசியா இருந்த 22 அப்படியே ஒட்டிட்டு இருக்கு. ரேம் அதை எழுதிடுது. சில நானோசெகண்ட்தான். அவ்வளவு குறுகின பல்ஸ்ல எழுதும்னு டேட்டாஷீட் உத்தரவாதம் தராது, எழுதாதுன்னும் தராது. அதனாலதான் பத்துக்கு ஆறேழு. உங்க மைக்ரோகன்ட்ரோலர் சைக்கிளுக்கு ஒரு தடவை பார்க்குது, நடுவுல நடந்தது அதுக்குத் தெரியாது.

கிளாக்கைக் குறைச்சும் ஏன் போகலைன்னா, நீங்க மாத்தினது சைக்கிளோட நீளத்தை மட்டும்தான். எட்ஜ் (கிளாக் ஏறி இறங்குற கணம்) அதே வேகத்துலதான் வருது. வாரத்துக்கு ஒரு தடவை பட்டனை அழுத்தினாலும் கம்பிகள் மாற அதே சில நானோசெகண்ட்தான். ஒரு கோளாறு 1 மெகாஹெர்ட்ஸ்லயும் பட்டன்லயும் ஒரே மாதிரி இருந்தா அது வேகத்தால வந்தது இல்ல. இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா கிளாக்கைக் குறைச்சுப் பார்த்துட்டு “டைமிங் இல்ல”ன்னு முடிவு பண்ணி வேற பக்கம் தேடி அலையறவங்க நிறைய.

சரி பண்ண, ஃபை2 (ப்ராசஸரோட கிளாக் சிக்னல்) மேல இருக்கும்போது மட்டும் ரேமை எழுத விடணும். 6502ல அட்ரஸ் மாறுறதெல்லாம் ஃபை2 கீழ இருக்கிற பாதியில முடிஞ்சிடும். 5 வோல்ட்ல உங்க சிப்புக்கு அதிகபட்சம் 30 நானோசெகண்ட். எழுத வேண்டிய டேட்டா வர்றது மேல் பாதியில. ரோமுக்காக ஏ15ஐத் தலைகீழாக்கினீங்க இல்ல, அந்தக் கம்பியையும் ஃபை2வையும் இன்னொரு நாண்ட் கேட்ல கொடுத்து, வெளிய வர்றதை ரேமோட சிப் செலக்டுக்குக் கொடுங்க. ஃபை2 விழுந்த பிறகும் அட்ரஸும் டேட்டாவும் குறைஞ்சது 10 நானோசெகண்ட் நிக்கும், கேட் மூடுறதுக்கு அது போதும்.

எட்டுபிட்

அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன். 0022ல 22 வரல! மூணு மணி நேரமா ஓடுது.

ஆனா இப்ப 6522 செத்துப்போச்சு. ரேமுக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுதானேன்னு, 6522ஓட சிப் செலக்ட் 1ல ஏ13ஐ எடுத்துட்டு ஃபை2வைக் கொடுத்தேன். எல்இடி எதுவும் எரியல.

ஃபைரெண்டு

அதைத் திரும்ப ஏ13க்கே மாத்துங்க. 6522க்கு 25வது பின்ல ஃபை2 தனியா போகுது, அது உள்ளயே பார்த்துக்கும். ஃபை2 ஏறுறதுக்கு முன்னாடியே தன்னைத் தேர்ந்தெடுத்தாச்சுன்னு அதுக்குத் தெரியணும். நீங்க ரெண்டையும் ஒண்ணா ஏத்திட்டீங்க. ரேமுக்கு கிளாக் பின் கிடையாது, அதனால நாம வெளியில கட்டினோம். 6502 குடும்பத்து சிப்புகளை இப்படிக் கட்டவே கூடாது.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க. எக்ஸ்ல 80 போட்டு டிஎக்ஸ்எஸ், உடனே ஜேஎஸ்ஆர். 0180ல எழுதி அடுத்த சைக்கிள்லயே 017எஃப்ல எழுதும். எட்டு பிட்டும் ஒரே நேரத்துல புரளும், நடுவுல ரீட்-ரைட் மேல ஏறவே ஏறாது. பழைய வயரிங்ல இந்த இடம்தான் ரொம்ப மோசமா அடி வாங்கும்.

எட்டுபிட்

6522 வந்துடுச்சு. 0180 சோதனையை ராத்திரி முழுக்க ஓட்டினேன், ஜீரோ பேஜும் ஸ்டாக் பேஜும் முழுசா ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பைட்கூட மாறல. மனசு கேக்காம காலையில ரேமோட சிப் செலக்ட் கம்பியைப் பிடுங்கி பழையபடி ஏ15ல குத்தினேன். மூணாவது சுத்துலயே 0022ல 22. திரும்ப நாண்ட் கேட்ல குத்தினேன், போயிடுச்சு. ஒரே ஒரு கம்பி. பத்து நாள் அதையேதான் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

அடுத்து சீரியல். டபிள்யூ65சி51என் வாங்கி வச்சிருக்கேன்.

நாற்பதுகால்

வாழ்த்துகள்! அந்த சிப்ல ஒரு குறை இருக்கு, இப்பவே சொல்லிடறேன். அனுப்பி முடிச்சாச்சான்னு சொல்ற ஸ்டேட்டஸ் பிட் எப்பவும் 1ஆவே இருக்கும், நம்பாதீங்க. ஒவ்வொரு எழுத்துக்கு அப்புறமும் ஒரு டிலே லூப் போடுங்க. 9600 பாட்ல எழுத்துக்கு 10 பிட், உங்க 1 மெகாஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 1042 சைக்கிள். அதுக்குக் கொஞ்சம் மேல வச்சுக்கங்க. அந்த லூப்பும் சப்ரூட்டீன்தான், இப்ப தைரியமா ஜேஎஸ்ஆர் போடலாம்.