பாலடின் வாம்பயர் ஆனால் தெய்வ சக்தி போய்விடுமா? (டி&டி 3.5: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் 3.5ஆம் பதிப்பு)

பகடைக்காரன்:
என் ஏழாம் லெவல் பாலடினை (தெய்வ அருளால் சக்தி பெறும் புனித வீரன்) ஒரு வாம்பயர் ரத்தம் உறிஞ்சியே கொன்றுவிட்டது. புதைத்தோம், வாம்பயராக எழுந்துவிட்டான். பாலடின் சக்தி எதுவும் இனி இல்லை என்கிறார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). அவன் ஒரு பாவமும் செய்யவில்லையே, இது என்ன நியாயம்?

கோட்டைவாசல்:
டிஎம் சொல்வதுதான் சரி. வாம்பயர் டெம்ப்ளேட்டில் (வாம்பயர் ஆனவன் மேல் ஏறும் விதித்தொகுப்பு) அலைன்மென்ட், அதாவது ஒழுக்க நிலை, "எப்போதும் ஈவில்" (தீயவன்). லாஃபுல் குட் (நெறி தவறாத நல்லவன்) இல்லாதவன் பாலடின் இல்லை. இதில் யார் தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. கிளெரிக் (தெய்வத்தின் பூசாரி) நிலைமையைப் பாருங்கள்: வாம்பயர் ஆனதும் அன்டெட்டை (செத்தும் நடமாடுபவை) விரட்டும் சக்தி போய், அடக்கி ஆளும் சக்தி வருகிறது. டொமைனும் (அருள் பெறும் துறை) கேயாஸ் (குழப்பம்), டிஸ்ட்ரக்ஷன் (அழிவு), ஈவில் (தீமை), ட்ரிக்கரி (வஞ்சகம்) இந்த நாலில் இரண்டுதான். கிளெரிக்குக்கே இப்படி என்றால் பாலடினுக்குச் சலுகை எதற்கு?

வெள்ளிவாள்:
"எப்போதும்" என்பதற்கு அதே விதிப்புத்தகம் தரும் விளக்கத்தையும் படியுங்கள். தனி ஒருவர் மாறலாம், ஆனால் அது மிக அபூர்வம் என்றுதான் இருக்கிறது. கடைசிவரை சத்தியத்தை விடாத பாலடின் அந்த அபூர்வமாக இருக்கக்கூடாதா? அடோன்மென்ட் என்ற பாவப் பரிகார மந்திரத்தையும் பாருங்கள். தெரிந்தே செய்த பாவம் என்றால் மந்திரம் போடுபவருக்கு 500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) செலவு. அறியாமலோ கட்டாயத்தாலோ செய்தது என்றால் அந்தச் செலவே கிடையாது. விரும்பி விழுந்தவனையும் பிறர் தள்ளி விழுந்தவனையும் விதியே பிரித்துத்தான் பார்க்கிறது. விரும்பி லிச் (தானே அன்டெட் ஆகிக்கொண்ட மந்திரவாதி) ஆனவனுக்காக நான் பேச வரவில்லை.

கோட்டைவாசல்:
சக்தியை விட்டுவைத்தால் கணக்கு எங்கே போகும்? டெம்ப்ளேட் கரிஸ்மாவுக்கு (ஆளுமை மதிப்பெண்) 4 கூட்டுகிறது, அதாவது போனஸ் 2 ஏறும். லே ஆன் ஹேண்ட்ஸ் (கை வைத்துக் குணமாக்கும் சக்தி) லெவலை போனஸால் பெருக்கிய அளவு என்பதால் ஏழாம் லெவலுக்கு அதில் 14 பாயிண்ட் கூடுதல், எல்லா சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) 2 கூடுதல். செத்துப்போனதால் பாலடினுக்கு அருள் அதிகமாகிறது! இதை ஏற்கிறீர்களா?

வெள்ளிவாள்:
டெம்ப்ளேட்டுக்கு விலையாக லெவல் கணக்கில் கூட்டும் லெவல் அட்ஜஸ்ட்மென்ட் 8. ஏழோடு சேர்த்தால் 15. விலை கொடுத்தாயிற்று. தவிர, அந்த அருள் அவனுக்கே உதவாது. அடிபட்ட தோழன் நெஞ்சில் கை வைத்தால் புண் ஆறும். அதே கையைத் தன் காயத்தில் வைத்தால் எரியும், ஏனென்றால் அது பாசிட்டிவ் எனர்ஜி, அவன் உடம்போ நெகட்டிவ் எனர்ஜியில் ஓடுகிறது. இப்படி ஒரு பாத்திரத்தை ஆடக் கிடைப்பதே பெரிய விஷயம், அதை ஒரே வரியில் மூடிவிடாதீர்கள்.

இராப்பயணி:
2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அலைன்மென்ட் கட்டாயம் இல்லை, சக்தி உறுதிமொழியிலிருந்து வருகிறது. அங்கேயும் லே ஆன் ஹேண்ட்ஸ் அன்டெட் மேல் வேலை செய்யாது.

கோட்டைவாசல்:
நாம் பேசுவது 3.5. உருவாக்கிய வாம்பயர் அழியும்வரை இவன் அதன் அடிமை. யாரைக் கொல்லச் சொன்னாலும் கொல்வான். அப்படிப்பட்டவன் கையில் எந்தத் தெய்வமும் தன் அருளை விட்டுவைக்காது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

வெள்ளிவாள்:
அதுவரை சக்தி முடங்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த வாம்பயர் அழிந்த பிறகும் திருப்பித் தர மாட்டேன் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பகடைக்காரன்:
அடோன்மென்ட் பத்தியை டிஎம்முக்கு அனுப்பிவிட்டேன். பாலடின் இப்போதைக்கு அவர் கையில் இருக்கட்டும். நான் எங்கள் குழுவின் கிளெரிக்கை எடுத்துக்கொண்டு அந்த வாம்பயரின் சவப்பெட்டியைத் தேடிப் போகிறேன்.