கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம்: நீச்சல் குழுவில் சேரப்போகும் என் மகளுக்கு இது நல்லதா, கெட்டதா?

நீச்சல்குளத்து அப்பா (நியூஜெர்சி)

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துகிறாள். கல்லூரிப் பயிற்சியாளர்களிடமிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பேச்சு உதவித்தொகையைத் தொட்டதும் எல்லோரும் ஒரே மாதிரி மழுப்புகிறார்கள்: புது விதிகளாம், பட்ஜெட் இன்னும் முடிவாகவில்லையாம்.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி அதில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26இல் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று படித்தேன். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. படிப்பும் விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்கிற பையன்களுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிறார் என் மைத்துனர். தீபாவளிக்குக் கூடியபோது இதை வைத்து வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இது நியாயமா? என் மகளுக்கு வர வேண்டியதை எடுத்துத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறார்களா?

முன்னாள் டியூட்டர்

உள்ளே இருந்து பார்த்தவன் நான். மிட்வெஸ்டில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, விளையாட்டு வீரர்களுக்கு டியூட்டராக வேலை பார்த்தேன்.

பயிற்சியெல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வருவார்கள். முழங்காலில் ஐஸ் பையை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். எதிர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து நிகழ்தகவுக் கணக்குப் போடுவார்கள். பாதிக் கணக்கில் தலை தொங்கிவிடும். காலை ஆறு மணிக்கு எடை தூக்கத் தொடங்கியவன் இரவு ஒன்பதரைக்கு பேயஸ் தேற்றம் கேட்டு விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொடுமை. உங்கள் மைத்துனர் சொல்லும் இலவசப் படிப்பு இந்த அழகில்தான் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு லைன்பேக்கருக்கு (கால்பந்தில் தடுத்து ஆடுகிறவன்) பொறியியல் படிக்க ஆசை. ஆய்வக வகுப்பும் பிற்பகல், அணிப் பயிற்சியும் பிற்பகல். அவன் வேறு பாடத்தில் பட்டம் வாங்கினான்.

வேலையில் சேர்ந்ததும் எங்களை உட்கார வைத்து அன்றைய விதிமுறைகளை ஒப்பித்தார்கள். வீரனுக்குக் காபி வாங்கிக் கொடுக்கக்கூடாது. மழையில் நனைந்துகொண்டு நின்றாலும் காரில் ஏற்றிக்கொள்ளக்கூடாது. நானோ எஃப்-1 என்னும் வெளிநாட்டு மாணவர் விசாக்காரன். வளாகத்துக்குள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம் என்பதால் எனக்கு மணிக்கணக்கில் கூலி உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவனைச் சனிக்கிழமைதோறும் லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். அவன் எண் போட்ட சட்டை வளாகக் கடையில் விற்கிறது. அந்தச் சட்டையில் ஒரு சென்ட்கூட அவனுக்கு இல்லை. நான் வாங்கித் தரும் காபியால் அவன் ஆடும் தகுதிக்கே ஆபத்து வரலாம். அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்குக் கூலி, அவனுக்கு இல்லை!

பணம் இப்போதுதான் புகுந்து விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்பவர்கள் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி உரிமையில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் பிடியை உச்ச நீதிமன்றம் 1984இல் தளர்த்தியதிலிருந்து பணம் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. 2010இல் மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரை மட்டும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள். ஆடுகிறவனுக்கு அதைக் கொடுக்க வழியில்லாததால் சுற்றி நின்றவர்களுக்குப் போனது. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். வேலையை விட்டுப் போவதற்கு! 2014இல் கூடைப்பந்துப் பட்டம் வென்ற கனெக்டிகட் அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுப்பதாகச் சொன்னார். சில வாரங்களுக்குள் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை என்சிஏஏ தளர்த்தியது. நட்சத்திர வீரன் வாய்விட்டுச் சொன்ன பிறகு!

ஆகவே கொடுப்பது நியாயம். கொடுக்கும் விதத்தில்தான் எனக்குச் சண்டை. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். உடனே பணக்கார ரசிகர்கள் கூட்டாக நிதி திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் ஆள் பிடித்தார்கள். இப்போது பல்கலைக்கழகமே பணம் கொடுக்கிறது. ஆனாலும் 'ஊழியர்' என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காரணம் பழையது. 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடித் தலையில் அடிபட்டு இறந்தார் ரே டென்னிசன். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் அந்தக் கதவு திறந்துவிடும். மாதச் சம்பளம் எவ்வளவு என்பதைவிட, ஐஸ் பை கட்டிய அந்த முழங்காலுக்கு நாற்பது வயதில் யார் பொறுப்பு என்பதுதான் என் கவலை.

கட்டணம் கட்டுகிறவன் (டென்னசி)

மேலே எழுதியவர் மனத்தை உருக்குகிறார். பில் யாருக்கு வருகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். இங்கே டென்னசி பல்கலைக்கழகம் 2025 கால்பந்துப் பருவ டிக்கெட்டின் மேல் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் போட்டது, வீரர்களுக்குக் கொடுப்பதற்காக. ரசிகர்கள் கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறை தன் காலில் நிற்பதே இல்லை. மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகப் பொது நிதியும்தான் அதைத் தாங்குகின்றன. மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத என் மகனும் அதற்குச் சேர்த்துத்தான் கட்டுகிறான். ஹார்வர்டு, யேல் முதலான கல்லூரிகளின் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, இந்த உடன்பாட்டிலும் அவர்கள் சேரவில்லை. அங்கே யாரும் ஓடாமலும் நீந்தாமலும் இருந்துவிடவில்லை.

சென்னை ராக்கெட்

டியூட்டர் அண்ணா, நீங்கள் சொன்னது இப்போது தலைகீழாக நடக்கிறது. நான் டென்னிஸ் உதவித்தொகையில் படிக்கிறேன். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் ஒற்றையர் பட்டம் வென்ற கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பினார். என் இரட்டையர் கூட்டாளி அமெரிக்கப் பெண். உள்ளூர் ஜூஸ் கடைக்கு இன்ஸ்டாகிராமில் படம் போட்டுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள். அதே படத்தில் நானும் இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை. எஃப்-1 விசாவில் இருக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடிய ஆஸ்கர் ஷிப்வே காங்கோக்காரர். 2022இல் அணி பஹாமாஸுக்குப் போனபோது விளம்பர வேலைகளை அங்கேயே முடித்துக்கொண்டார், அமெரிக்க மண்ணில் வேலை செய்ததாக ஆகக்கூடாது என்பதற்காக. எங்கள் டென்னிஸ் அணியை யார் பஹாமாஸுக்குக் கூட்டிப்போவார்கள்!

அங்கிள், உங்கள் மகள் குடியுரிமை உள்ளவள் என்றால் இந்தத் தொல்லை அவளுக்கு இல்லை.

நீச்சல்குளத்து அப்பா (நியூஜெர்சி)

எல்லோருக்கும் நன்றி. இங்கேயே பிறந்தவள்தான் அம்மா. நான் படித்துக் காட்டியதும் என் மனைவி கேட்டது இது: டென்னசிக்காரர் சொல்வதுபோலப் பணமே இல்லை என்றால், முதலில் மூடப்போவது நீச்சல் குழுவைத்தானே?

முன்னாள் டியூட்டர்

மூடுவது சம்பளத்தோடு வந்த வியாதி இல்லை. ஸ்டான்ஃபோர்ட் 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்போது யாருக்கும் சம்பளம் கிடையாது. முன்னாள் மாணவர்கள் போராடியதால் 2021 மே மாதம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பெண்கள் அணி என்பதால் கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் சமவாய்ப்புச் சட்டம் உங்கள் மகளுக்கு ஓரளவு கவசம். ஆண்கள் நீச்சல் அணிகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பழைய விதியால் நீச்சல்காரர்களும் இழந்திருக்கிறார்கள். மிஸ்ஸி ஃபிராங்க்ளின் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றுவிட்டு, பெர்க்லி கல்லூரி அணியில் நீந்துவதற்காக விளம்பர ஒப்பந்தங்களை ஒதுக்கினார். சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016 ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் ஜாம்பவான் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்துப் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் பரிசு வாங்கினார். ஒலிம்பிக் பதக்கப் பரிசு என்பதால் விதிவிலக்கு, டெக்சஸ் கல்லூரி அணிக்குத் திரும்பி வந்து நீந்தினார். அதனால் ஆகாயம் இடிந்து விழவில்லை. ஃபிராங்க்ளினுக்கு மறுக்கப்பட்டது இன்று உங்கள் மகளுக்குச் சட்டப்படி கிடைக்கும்.

உதவித்தொகைக்கு வருகிறேன். முன்பு பெண்கள் நீச்சல் அணிக்கு அதிகபட்சம் 14 முழு உதவித்தொகை. அதைத்தான் அணி முழுவதும் துண்டு போட்டுப் பகிர்ந்தார்கள். உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. மழுப்பல் அங்கிருந்துதான் வருகிறது. பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: அணியில் எத்தனை இடம், அதில் எத்தனை பேருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், ஒரு ஆண்டுக்கா நான்கு ஆண்டுக்கா, தோளில் அடிபட்டால் தொகை தொடருமா. எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பயண அட்டவணையையும் வாங்கிப் பாருங்கள். கால்பந்துத் தொலைக்காட்சிப் பணத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏவும் உங்கள் ஊர் ரட்கர்ஸும் 2024 முதல் ஒரே பிக் டென் போட்டிக் குழுமத்தில் இருக்கின்றன, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறந்து போட்டியிட வேண்டும். விமானத்தில் உட்கார்ந்து வேதியியல் படிக்க அவளால் முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். விளம்பர ஒப்பந்தம் ஏதாவது வந்தால் அதற்கு வருமான வரி உண்டு. முதல் காசோலை வந்ததுமே ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.