டேர்டெவிலும் கிங்பின்னும் கைகோக்கும் கதைகள்: எங்கே தொடங்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஜென்மப் பகையாளிகள் வேறு வழியில்லாமல் ஒரே பக்கம் நிற்கும் கதைகள் எனக்கு உயிர். வில்லன் திருந்திவிடும் கதை வேண்டாம். முதுகைக் காட்டவே பயந்துகொண்டு இரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டும்.

மார்வெல் காமிக்ஸில் வரும் தாதா கிங்பின் 1967-இல் ஸ்பைடர்மேன் எதிரியாகத்தான் அறிமுகமானார். 80களின் தொடக்கத்தில் எழுத்தாளர் ஃபிராங்க் மில்லர்தான் அவரை சூப்பர்ஹீரோ டேர்டெவில் பக்கம் கொண்டுவந்தார். 1986-இல் வந்த 'பார்ன் அகெய்ன்' என்ற டேர்டெவில் கதையைப் படித்துவிட்டேன். வெடித்துச் சிதறிய வீட்டின் இடிபாடுகளுக்கு நடுவே மேட் மர்டாக் (பகலில் வக்கீல், இரவில் டேர்டெவில்) தன் சிவப்பு உடையைக் கையில் எடுக்கும் இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதைச் செய்தது கிங்பின் என்று அந்த நொடியில்தான் அவருக்குப் புரிகிறது. இவ்வளவு செய்த ஆளோடு அப்புறம் எப்படிக் கைகோக்க முடியும்? ஒரு வக்கீல், பகலில் சட்டத்தை நம்புகிறவர், தாதாவிடம் போய் உதவி கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? அதைப் பொறுமையாகச் சொல்லும் கதைதான் வேண்டும்.

எந்த இதழ்களில் தொடங்கலாம்? வேறு நாயகன், வேறு தாதா என்றாலும் சரி. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.